கணப்பும் ஜன்னலும்

போன வருஷம் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஹல்மோஷ்வார் வாள்வீச்சு கிளப்பின் பெரிய திரை முந்நூறு பேர் முன்னால் பொய் சொன்னது. அதை நம்பி ஒரு பெண் தோற்றுப்போனாள்.

அந்தக் கூடத்தில் இரண்டு களங்கள். பச்சை ஓடு பதித்த பெரிய கணப்பை ஒட்டி ஓடுவது கணப்புக் களம். தீசா ஆற்றைப் பார்த்த ஜன்னல்களின் ஓரமாக ஓடுவது ஜன்னல் களம். ஒன்று, இரண்டு என்று எண் சொல்லி அங்கே யாரும் அவற்றைக் கூப்பிட்டதில்லை. களத்துக்கு ஒரு விளக்குப் பெட்டி. வாள் பட்டால் விளக்கு எரியும், நடுவர் புள்ளி கொடுப்பார், பெட்டி அந்தப் புள்ளியை ஒரு யுஎஸ்பி வயர் வழியாக மேசைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், கம்ப்யூட்டர் அதை ஆட்டக்காரர் பெயருக்கு நேரே திரையில் போடும். ஏற்பாடு அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுக்கச் சுற்று ஆட்டங்கள் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. ஞாயிறு மதியம் இரண்டு இறுதி ஆட்டங்களும் ஒரே நேரத்தில். பெண்கள் கணப்பில், ஆண்கள் ஜன்னலில். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறியதால், திரையில் எண் மாறி மாறித் தெரிந்தபோது அது கொஞ்சம் பிந்துகிறது, கொஞ்சம் முந்துகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பதினேழு வயது செங்கெ பதினான்குக்குப் பதினான்கில் நின்றாள். பதினைந்தை முதலில் தொடுகிறவருக்கு வெற்றி. அப்போது கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. செங்கெ தலை நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே பதினைந்து. முகமூடியைக் கழற்றிக் கையைத் தூக்கினாள்.

அந்தப் பதினைந்து ஜன்னல் களத்துப் பையனுடையது. கைதட்டலும் அவனுக்குத்தான். நடுவர் நிறுத்தச் சொல்வதற்குமுன் முகமூடியைக் கழற்றுவது குற்றம். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த செங்கெவுக்கு இப்போது சிவப்பு அட்டை. எதிராளி யாங்காவுக்கு ஒரு புள்ளி. கதை முடிந்தது. செங்கெ முகமூடியைக் கையில் பிடித்தபடி, திரையையும் நடுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை பொரோகா ஒரு வருஷமாகியும் மறக்கவில்லை.

பொரோகா பகலில் பல் டாக்டர் ஒருவரிடம் பொய்ப்பல் வார்க்கிறவள். சாயங்காலம் கிளப்பின் பட்டறைக்காரி. வளைந்த வாளை நிமிர்த்துவது, முகமூடி வலையைச் சோதிப்பது, அறுந்த கம்பியைப் பற்றவைப்பது எல்லாம் அவள் வேலை. பதினாறு வருஷமாகக் கூடத்தின் மூலையிலிருக்கும் அந்தப் பட்டறை மேசையின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்குகிறது. கல்யாண மோதிரத்தைக் கழற்றி எட்டு வருஷமாயிற்று. சாவியைக் கழற்றியதில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது, கம்பியும் வயரும் ஒன்றுதானே என்று அதையும் அவள் தலையில் கட்டினார்கள். ஆகவே திரை பொய் சொன்னபோது பழியும் அவள் தலையில் விழுந்தது.

ஜனவரி பொதுக்கூட்டத்தில் செயலாளர் அம்புருஷ் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர். மூச்சு விடுவதைக்கூடத் தீர்மானம் போட்டுத்தான் விடுவார்.

"இந்த வருஷமும் திரை தப்புக் காட்டினா, போட்டி பக்கத்து ஊருக்குப் போகும். பட்டறைக்கும் வேற ஆள் பாப்போம். எழுதிக்கிட்டாச்சு."

"நான் எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்தேன், செயலாளரே. தினமும் சரியாத்தான் காட்டுது," என்றாள் பொரோகா.

"ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னாளாம்," என்றார் அம்புருஷ். கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் செங்கெவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பொரோகாவுக்கு இன்னும் சுட்டது.

அவள் சொன்னது பொய்யில்லை. பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை, விடுமுறை நாள் போக, திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு சாயங்காலமும் கணப்பில் ஒரு தட்டு, ஜன்னலில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். கணப்பில் தட்டினால் திரையில் கணப்பு. ஜன்னலில் தட்டினால் ஜன்னல். வயரை மாற்றினாள், பெட்டியைப் பிரித்து மூடினாள், கம்ப்யூட்டரைத் தூசி தட்டினாள். ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. வராத காய்ச்சலுக்கு மருந்து தேடுவது எப்படி? பேய் பிடித்த கம்ப்யூட்டர் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். பல் டாக்டரே ஒரு நாள், "உன் பேய் சௌக்கியமா?" என்று கேட்டார்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, பேய் வந்தது. பொரோகா கணப்புக் களத்தில் தட்டினாள். திரையில் ஜன்னல் என்று விழுந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி ஜன்னல். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சந்தோஷத்தில். காய்ச்சல் வந்துவிட்டது, இனி மருந்து உண்டு.

அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று யோசித்தபடி கூடத்தைச் சுற்றினாள். காவல்காரர் கெதெயோன் பாச்சி கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் எழுபது தாண்டிய ஆண்கள் எல்லாரும் எல்லாருக்கும் பாச்சிதான். இவர் கறுப்புக் கோட்டில் இருந்தார். கழுத்தில் டை.

"என்ன பாச்சி, கல்யாணமா?"

"நீ என்ன மகளே, கத்தோலிக்கக்காரி மாதிரி கேக்குற? நம்ம புராட்டஸ்டன்ட் சபைக்கு இன்னிக்குச் சீர்திருத்தத் திருநாள். காலையில கோயில். அங்கிருந்து நேரா இங்க."

"நேரான்னா?"

"நேரான்னா நேராத்தான். ஆத்துப் பக்கம் முற்றத்து வாசல் வழியா. மத்த நாள்ல வீட்டிலிருந்து வந்தா கொதிகலன் அறை வழியா வருவேன்."

பொரோகா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கெதெயோன் பாச்சியின் பழக்கம் ஊருக்கே தெரியும். யாரோ ஒரு தேநீர்க் கெட்டிலை அணைக்க மறந்து பழைய கூடம் எரிந்துபோனதிலிருந்து, அவர் தினமும் கூடத்தைப் பூட்டும்போது சுவரிலும் மேசையிலும் உள்ள எல்லா வயரையும் பிடுங்கிவிடுவார். கடிகாரம், கெட்டில், கம்ப்யூட்டர், அதில் சொருகிய யுஎஸ்பி வயர்கள், ஒன்றையும் விட மாட்டார். தனித்தனியாகச் சுருட்டி ஆணியில் மாட்டுவார். காலையில் முதலில் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சொருகுவார். கொதிகலன் அறை கணப்புப் பக்கம். அந்த வழியாக வந்தால் கணப்பு வயர் முதலில். முற்றத்து வாசல் ஜன்னல் பக்கம். அந்த வழியாக வந்தால் ஜன்னல் வயர் முதலில். மற்ற நாளெல்லாம் ஒரு வழி. கோயில் நாளில் மற்ற வழி. இறுதி ஆட்டம் எப்போதும் கோயில் விட்டபிறகு, ஞாயிறு மதியம்.

கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். அது எந்த வயர் எந்தக் களத்தினுடையது என்று கேட்பதில்லை. ரொட்டிக்கடை வரிசை மாதிரி, முதலில் வந்தவனுக்குப் பூஜ்யம், அடுத்து வந்தவனுக்கு ஒன்று என்று எண் கொடுத்துவிடும். திரைக்கான நிரலோ பூஜ்யம் என்றால் கணப்பு, ஒன்று என்றால் ஜன்னல் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கொண்டிருந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு கிழவரின் பக்தியும் ஒரு இயந்திரத்தின் சோம்பேறித்தனமும் சேர்ந்து செங்கெவைத் தோற்கடித்திருந்தன.

"நான் பண்ணின தப்பா மகளே?" என்றார் கெதெயோன் பாச்சி. கையில் ஆப்பிள் துண்டு அப்படியே நின்றது.

"இல்ல பாச்சி. நீங்க எந்த வழியா வந்தாலும் சரியா இருக்கணும். அப்படி இல்லாதது என் தப்பு."

அன்று சாயங்காலமே இணையத்தில் தேடினாள். விடை ஒரு வருஷமாகக் கண் முன்னால் கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறாள். பார்வைக்கு அந்த இரண்டு நீல வயர்களும் இரட்டைப் பிறவிகள்தான். ஆனால் ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் தொழிற்சாலையில் பதித்த ஒரு பிறப்பெண் உண்டு, ஒன்றுக்கொன்று வேறு. ஒரு கட்டளை அடித்தால் கம்ப்யூட்டரே அதை வாசித்துக் காட்டுகிறது. இந்த எண்ணோடு வருபவன் எப்போது வந்தாலும், எந்தத் துளையில் வந்தாலும், அவன் பெயர் இது என்று ஒரு விதிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். வரிசை எண்ணைக் கம்ப்யூட்டர் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் விதிக் கோப்பை எழுத முழு அதிகாரம் வேண்டும். அதற்கான பாஸ்வேர்டு உலகத்தில் ஒரே ஒரு தலைக்குள்தான் இருந்தது. அந்தத் தலை அம்புருஷினுடையது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. தினமும் வயர் சொருகியதும் கம்ப்யூட்டர் 'அனுமதி இல்லை' என்று கையை விரிக்கும். நேற்றுக் கொடுத்த அனுமதி நேற்றுப் பிடுங்கிய வயரோடு போய்விடும். உடனே அம்புருஷுக்குப் போன் பறக்கும். அவர் சாவகாசமாக வருவார், பச்சைத் தொப்பியைக் கழற்றி விசைப்பலகைக்கு மேலே மறைத்துப் பிடிப்பார், ஒற்றை விரலால் அடிப்பார், "இப்பப் போகலாம்," என்பார். ரயிலுக்குக் கொடி காட்டுகிற தோரணை. போன வருஷக் கோடையில் ஒரு வாரம் பலட்டோன் ஏரிக்குக் குளிக்கப் போனார், ஒரு வாரமும் திரை இருண்டு கிடந்தது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பொரோகா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"கோயிலுக்குப் போனா திரை தப்பாகுமா? இதைப் போய்ப் பாதிரியார்கிட்ட சொல்லு."

"விதிக் கோப்புல ரெண்டே வரி, செயலாளரே. நீங்களே பாஸ்வேர்டு அடிங்க. நான் திரும்பிக்கிறேன்."

"உள்ள போய் நீ என்ன பண்ணுவன்னு எனக்கென்ன தெரியும்? அதிகாரம்னா அது ஒரு கையில இருக்கணும். பத்து கையில இருந்தா அது அதிகாரமில்ல, கடைத்தெரு."

"அப்ப பந்தயம் வெச்சுக்கலாம்," என்றாள் பொரோகா. யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை, எல்லார் முன்னாலயும். நான் சுவரைப் பாத்துத் திரும்பி நிக்கிறேன். கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். பாச்சி சொருகட்டும். திரை சரியா தப்பான்னு நான் முன்கூட்டியே சொல்றேன். மூணு தடவை. ஒரு தடவை தப்பினாலும் அன்னிக்கே சாவியைக் கழட்டித் தர்றேன். மூணும் சரியா இருந்தா நீங்க ஒரு தடவை பாஸ்வேர்டு அடிச்சிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் பேசாம உக்காரணும்."

அம்புருஷ் மீசையைத் தடவினார். சாவி தானே நடந்து வருகிறதென்றால் கசக்குமா? "எழுதிக்கிட்டாச்சு," என்றார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தவர்கள் இருபது பேர். வாளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். செங்கெ வரவில்லை. போன வருஷத்துக்குப் பிறகு அவள் இந்தக் கூடத்தில் பயிற்சி எடுப்பதில்லை, தலைநகரில் அத்தை வீட்டில் இருந்து ஆடுகிறாள். பொரோகா கணப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கெதெயோன் பாச்சி வயரையெல்லாம் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். முற்றத்து வாசல் கிரீச்சென்றது.

"தப்பு," என்றாள் பொரோகா.

பாச்சி சொருகினார். 'அனுமதி இல்லை.' அம்புருஷ் எழுந்து வந்து தொப்பியைப் பிடித்து அடித்தார். ஒருவன் கணப்பில் தட்டினான். திரையில் ஜன்னல்.

மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். இந்த முறை பின்னாலிருந்து வாசல் சத்தமே வரவில்லை. கொதிகலன் அறையின் வெதுவெதுப்பு மட்டும் அவள் கன்னத்தில் பட்டது. "சரி," என்றாள். அம்புருஷ் மறுபடி வந்தார், தொப்பி, ஒற்றை விரல். கணப்பில் தட்டினால் கணப்பு.

மூன்றாவது முறை அம்புருஷ் தந்திரம் செய்தார். பாச்சியின் காதில் ஏதோ சொன்னார். முற்றத்து வாசல் கிரீச்சிட்டது. ஆனால் பாச்சி செருப்பைத் தேய்த்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் கணப்புப் பக்கம் நடப்பது பொரோகாவின் காதில் விழுந்தது. பதினாறு வருஷமாகக் கேட்ட நடை.

"சரியா காட்டும்," என்றாள். "பாச்சியைச் சுத்தவிட்டதுக்கு அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்க, செயலாளரே."

சரியாகக் காட்டியது. இருபது பேரும் சிரித்தார்கள். பொதுக்கூட்டத்தில் சிரித்த அதே வாய்கள்தான், ஆனால் சிரிப்பு இப்போது வேறு ஆளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூன்று தடவை எழுந்து வந்து மூன்று தடவை தொப்பி பிடித்ததில் அம்புருஷின் நெற்றி வியர்த்திருந்தது. மனிதர் பிடிவாதக்காரர், வாக்கு மாறுகிறவர் இல்லை. நாலாவது தடவையாகத் தொப்பியைப் பிடித்துப் பாஸ்வேர்டை அடித்துவிட்டு, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பொரோகா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். இந்தப் பிறப்பெண்ணோடு வருபவன் பெயர் கணப்பு. அந்தப் பிறப்பெண்ணோடு வருபவன் பெயர் ஜன்னல். வரிசை எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. இருவரையும் பட்டறை என்ற குழுவில் இருப்பவர்கள் யாரையும் கேட்காமலே திறக்கலாம். பிறகு அந்தக் குழுவில் மூன்று பெயர்களைச் சேர்த்தாள்.

பேசக்கூடாது என்பதை அம்புருஷ் மறந்துவிட்டார். "என் பேரு எங்க?"

"மூணாவதா இருக்கு."

"ஏன் மூணாவது?"

"சொருகுறவர் முதல்ல. ரிப்பேர் பண்றவ ரெண்டாவது. மிச்சம் நீங்கதான்."

கடைசியாகத் திரை நிரலில் பூஜ்யம், ஒன்று என்றிருந்த இடத்தில் கணப்பு, ஜன்னல் என்று மாற்றிச் சேமித்தாள். திரை அசையவில்லை. புதுப் பெயர் எதுவும் வரவில்லை. அம்புருஷின் மீசை மெல்ல மேலே ஏறியது. பொரோகா விதிக் கோப்பை மறுபடி திறந்தாள். எழுத்தை மறுபடி படித்தாள், எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"நேரமாச்சு, நான் பூட்டணும்," என்று சொல்லிக்கொண்டே கெதெயோன் பாச்சி வழக்கம்போல வயரைப் பிடுங்கினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே இருப்பவனுக்குப் பழைய பெயர்தான். வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் வாசலில் புதுப் பெயர் கொடுப்பார்கள். "பாச்சி, திரும்பச் சொருகுங்க," என்றாள். அவர் சொருகினார். கணப்பு, ஜன்னல் என்று இரண்டு பெயர்களும் திரையில் வந்து உட்கார்ந்தன. அனுமதியை யாரும் கேட்கவில்லை. யாரும் கொடுக்கவுமில்லை.

"ஊரே என் பிடுங்கலைத் திட்டுச்சு," என்றார் பாச்சி. "கடைசியில அதுதான் வேலை செய்யுது பாத்தியா?"

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. கூடத்தில் போன வருஷம்போலவே கூட்டம். ஒரு பாதி வாள்வீச்சைப் பார்க்க வந்தது, மறு பாதி திரை தப்புவதைப் பார்க்க வந்தது. நாலு பேர் அதை மறைக்கவும் இல்லை. வாசலில் மசாலா போட்ட சூடான வைனும் அவரை சூப்பும் மணத்தன. பொரோகாவின் கை காலையிலிருந்து சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தது. செவ்வாய்க்கிழமை இருபது பேர் முன்னால் ஜெயிப்பது வேறு, இது வேறு.

கெதெயோன் பாச்சி கோயிலிலிருந்து கறுப்புக் கோட்டோடு, முற்றத்து வாசல் வழியாக, நேராக வந்தார். ஜன்னல் வயரை முதலில் சொருகினார். அம்புருஷ் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாதி எழுந்தார். அதற்குள் திரையில் பெயர்கள் வந்துவிட்டன. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அதில் ஒரு நூலைப் பிய்ப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்தார்.

கணப்புக் களத்தில் மறுபடி செங்கெவும் யாங்காவும்தான். செங்கெ வணக்கம் வைக்கும்போது ஒரு முறைகூடத் திரையின் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் தொடங்கியது. புள்ளிகள் ஏறின. பெண்களில் யாங்கா பதினான்கு, செங்கெ பதின்மூன்று. ஜன்னலில் பையன்கள் பன்னிரண்டுக்கு ஒன்பது. திரை ஒவ்வொன்றையும் அதனதன் பெயருக்கு நேரே போட்டுக்கொண்டே வந்தது. பொரோகா கூடவே எண்ணினாள்.

அப்போதுதான் யாங்காவின் பெரியம்மா, தட்டு நிறையப் பொகாச்சா ரொட்டியோடு, நடுவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று மேசைப் பக்கம் வந்தாள். நல்ல மனுஷி. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், காலைப் பார்க்கவில்லை. வயரில் கால் மாட்டியது. ரொட்டிகள் கூடம் முழுக்க உருண்டன. இரண்டு நீல வயர்களும் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தன. திரையில் புள்ளிகள் இருந்த இடம் காலியானது.

நடுவர்கள் இரண்டு களத்தையும் நிறுத்தினார்கள். முந்நூறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் யாரோ, "ஆரம்பிச்சாச்சு," என்றது தெளிவாகக் கேட்டது.

கெதெயோன் பாச்சி குனிந்து வயர்களை எடுத்தார். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டும் நீலம், இரண்டும் ஒரே நீளம், மேசைக்கடியில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போகின்றன. எது கணப்பு, எது ஜன்னல் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வரிசை," என்றார் அம்புருஷ் கரகரத்த குரலில். தொப்பி மறுபடி கையிலிருந்தது. "பொரோகா, எது முதல்ல? சீக்கிரம் சொல்லு."

பொரோகா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு வருஷமாக அவளை எரித்த கேள்வி இதுதான், இப்போது முந்நூறு பேர் முன்னால் கேட்டாகிவிட்டது.

"எதை வேணா, எதுல வேணா, எப்படி வேணா சொருகுங்க, பாச்சி," என்றாள், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "அதுங்களுக்குத் தன் பேரு தெரியும்."

பாச்சி கண்ணை மூடிக்கொண்டு சொருகினார். உண்மையாகவே மூடிக்கொண்டார். ஒரு விநாடி போயிற்று. இரண்டாவது விநாடியும் போயிற்று. கணப்பு: பதினான்கு, பதின்மூன்று. ஜன்னல்: பன்னிரண்டு, ஒன்பது. இரண்டு நடுவர்களும் தங்கள் குறிப்பைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அம்புருஷ் நின்றுகொண்டே இருந்தார். அனுமதி கேட்க ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"உக்காருங்க, செயலாளரே," என்றாள் பொரோகா. "மறைக்கிறீங்க."

முதல் சிரிப்பு கணப்புப் பக்கமிருந்து வந்தது. பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. திரை தப்புவதைப் பார்க்க வந்த பாதிக் கூட்டமும் சேர்ந்து கைதட்டியது. அம்புருஷ் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் கைதட்டினார், தொப்பி மடியில் கிடந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. செங்கெ அடுத்த பாய்ச்சலில் சமன் செய்தாள். பதினான்குக்குப் பதினான்கு. அதே களம், அதே எண், அதே எதிராளி. நடுவர் கை அசைத்தார். இருவரும் பாய்ந்தார்கள். யாங்காவின் வாள் காற்றை வெட்டியது, செங்கெவின் வாள் அவள் தோளைத் தொட்டது. விளக்கு எரிந்தது. நடுவர் நிறுத்தச் சொல்லிக் கையைச் செங்கெவின் பக்கம் நீட்டினார். திரையில் செங்கெ, பதினைந்து. கூடம் எழுந்து நின்றது.

செங்கெ முகமூடியைக் கழற்றவில்லை. நடுவரைப் பார்த்தாள். முதல் முறையாகத் திரையைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் மேசையின் பக்கம் முகமூடி திரும்பி அப்படியே நின்றது. வலைக்குப் பின்னால் கண் தெரியவில்லை, ஆனால் யாரைப் பார்க்கிறாள் என்பதில் பொரோகாவுக்குச் சந்தேகமில்லை. பொரோகா தலையை ஆட்டினாள். ஒரு முறை, நன்றாக, எல்லாரும் பார்க்க.

செங்கெ முகமூடியைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை, தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தாள். பொரோகாவுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பரிசளிப்பு முடிந்து கூட்டம் சூப்பைப் பார்த்து நகர்ந்தபோது செங்கெ பட்டறை மேசைக்கு வந்தாள். முகமூடியை மேசைமேல் வைத்தாள்.

"வலை ஒரு இடத்துல நெளிஞ்சிருக்கு, பாருங்க."

பொரோகா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இந்தப் பெண் தன் கையில் ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறாள்.

"போன வருஷம் உங்க திரையைப் பாத்துக் கழட்டினேன்," என்றாள் செங்கெ. "இந்தத் தடவை உங்களைப் பாத்துக் கழட்டினேன்."

"அடுத்த வருஷம் நடுவரைப் பாத்துக் கழட்டு. அதுதான் சட்டம்," என்றாள் பொரோகா. கழுத்துச் சங்கிலியை இழுத்துச் சாவியைப் போட்டு மேசை இழுப்பறையைத் திறந்தாள், உள்ளேயிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்தாள். "உக்காரு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம், இப்பவே நிமித்தித் தர்றேன்."

அந்தப் பக்கம் அம்புருஷ் பதிவேட்டில், திரையில் பிழை ஏதும் இல்லை என்று எழுதி, பழக்கத்தை விடமுடியாமல் முத்திரையும் குத்திக்கொண்டிருந்தார். கெதெயோன் பாச்சி டையைத் தளர்த்திவிட்டு, சுவர்க் கடிகாரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டத் தொடங்கினார். நீல வயர்கள் இரண்டையும் எந்த ஆணியில் மாட்டுகிறோம் என்று அவர் பார்க்கவில்லை.